பள்ளி மண்டலப் பலகை முன் தானியங்கி கார் ஏன் தடுமாறுகிறது?

கேள்வி இதுதான்: வேக வரம்புப் பலகையில் உள்ள எண்ணைச் சாதாரணக் காரின் கேமராவே படித்து டாஷ்போர்டில் காட்டிவிடுகிறது. அப்படியிருக்க, அமெரிக்கச் சாலைகளில் ஓட்டுநர் இன்றி ஓடும் தானியங்கி கார்களுக்குப் பள்ளி மண்டலம் (பள்ளிக்கு அருகே வேக வரம்பு குறையும் சாலைப் பகுதி) மட்டும் ஏன் சிக்கலாக இருக்கிறது? பலகையைப் படித்து வேகத்தைக் குறைத்தால் வேலை முடிந்ததுதானே?

எண்ணைப் படிப்பதில் பெரிய சிக்கல் இல்லை. சாதாரண வேக வரம்புப் பலகை ஓர் எண்ணைச் சொல்கிறது. பள்ளி மண்டலப் பலகை ஒரு நிபந்தனையைச் சொல்கிறது: "மணிக்கு 20 மைல், ஆனால் இன்னது நடந்துகொண்டிருந்தால் மட்டும்." அந்த "இன்னது" பெரும்பாலும் பலகைக்கு வெளியே இருக்கிறது. கடிகாரத்தில், பள்ளியின் விடுமுறைப் பட்டியலில், மேலே மின்னும் மஞ்சள் விளக்கில், நடைபாதையில் நிற்கும் பிள்ளையிடம். கேமரா பலகையைப் பிழையின்றிப் படித்தாலும் பாதி விஷயம்தான் கையில் கிடைக்கும்.

அமெரிக்காவில் சாலைப் பலகைகளுக்கு நாடு முழுவதற்குமான கையேடு ஒன்று இருக்கிறது. எம்.யு.டி.சி.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் வெளியிடும் இந்தக் கையேட்டின் 11-ஆம் பதிப்பு 2023 டிசம்பரில் வந்தது. அதன் 7-ஆம் பகுதி முழுக்கப் பள்ளிச் சாலைகளுக்கானது. பள்ளி எச்சரிக்கைப் பலகை ஐங்கோணமாக இருக்க வேண்டும், பின்னணி ஒளிரும் மஞ்சள்-பச்சையாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. வேக வரம்புக்கான அமைப்பு மூன்று அடுக்கு: மேலே "பள்ளி" என்ற மஞ்சள்-பச்சைத் துண்டு, நடுவில் வழக்கமான வெள்ளைப் பலகையில் எண், கீழே நிபந்தனை எழுதிய சிறு பலகை. இந்தக் கீழ்ப் பலகையில்தான் வேறுபாடு தொடங்குகிறது. "விளக்கு மின்னும்போது" என்று இருக்கலாம், "பிள்ளைகள் இருக்கும்போது" என்று இருக்கலாம், காலை ஒன்று மாலை ஒன்று என இரண்டு நேர இடைவெளிகள் இருக்கலாம், "திங்கள் முதல் வெள்ளி வரை" என்றும் இருக்கலாம். எல்லாமே கையேடு அனுமதிக்கும் வடிவங்கள்தான். பலகையின் தோற்றத்தைக் கையேடு ஒழுங்குபடுத்தியது. நிபந்தனை மாநிலச் சட்டத்திடமும் ஊர் நிர்வாகத்திடமும் இருக்கிறது.

மாநிலச் சட்டங்கள் எவ்வளவு தூரம் விலகிப் போகின்றன என்று பாருங்கள். பென்சில்வேனியாவில் பள்ளி மண்டல வரம்பு 15 மைல். ஓஹையோ, ஓரிகன், வாஷிங்டன் ஆகியவற்றில் 20. கலிஃபோர்னியாவில் பொதுவாக 25. உள்ளூர் நிர்வாகம் சில தெருக்களில் அதை 20 அல்லது 15 ஆகக் குறைக்கலாம். நெவாடாவில் பள்ளி மண்டலம் என்றால் 15, பள்ளிக் கடவை (பிள்ளைகள் சாலையைக் கடக்கும் இடம்) மண்டலம் என்றால் 25. பெயரில் ஒரு சொல்தான் கூடுதல், வரம்பில் 10 மைல் வித்தியாசம். அங்கே மண்டலம் நடப்பில் இருக்கும்போது யூ-டர்ன் எடுக்கவும் தடை உண்டு. ஆக, வரம்பு நடப்பில் இருக்கிறதா என்பதைத் தவறாகக் கணித்த கார் வேகத்தில் மட்டும் தவறுவதில்லை, பாதைத் திட்டத்திலும் தவறுகிறது.

இல்லினாய்ஸ் சட்டத்தில் நிபந்தனைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அது பள்ளி நாளாக இருக்க வேண்டும்; காலை 6:30 முதல் மாலை 4 மணிக்குள் இருக்க வேண்டும்; பிள்ளைகள் அங்கே இருக்க வேண்டும்; அதுவும் வாகனங்களால் ஆபத்து நேரக்கூடிய அளவுக்குச் சாலைக்கு அருகில் இருக்க வேண்டும். முதல் இரண்டையும் கணினி சரிபார்த்துவிடும். கடைசி ஒன்று முழுக்க மனித மதிப்பீடு. சட்டம் எழுதியவர்கள் ஸ்டீயரிங்கின் பின்னால் ஒரு மனிதர் இருப்பார், அவருக்கு இது தெரியும் என்று நம்பி எழுதியது அது.

அரிசோனாவின் வழக்கம் இன்னொரு வகை. அங்கே பள்ளிக் கடவைகளில் 15 மைல் பலகையைச் சாலைக்கு நடுவிலேயே பள்ளி ஆட்கள் கொண்டுவந்து வைப்பார்கள், நேரம் முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். காலை 8 மணிக்கு இருக்கும் பலகை 10 மணிக்கு இருக்காது. எவ்வளவு துல்லியமான மேப் வைத்திருந்தாலும் இந்தப் பலகையை அதில் பதிந்துவைக்க முடியாது. ஆனால் ஒரு விதத்தில் இதுவே மிக நேர்மையான ஏற்பாடு: பலகை இருந்தால் வரம்பு உண்டு, இல்லையென்றால் இல்லை. கேமரா கண்ணெதிரே பார்ப்பதை மட்டும் நம்பினால் போதும். சிக்கல் என்னவென்றால், சாலை நடுவில் நிற்கும் பொருளை முதலில் தடையாக வகைப்படுத்தும் சாஃப்ட்வேர், அதைப் பலகையாகவும் படிக்க வேண்டும். இந்த இரண்டு வேலைகளும் பல அமைப்புகளில் வெவ்வேறு பிரிவுகளில் நடக்கின்றன.

இப்போது மின்னும் விளக்குக்கு வருவோம். ஓட்டுநருக்கு எளிதான அடையாளம் இது, கேமராவுக்கு அப்படியில்லை.

கையேட்டின்படி இந்த மஞ்சள் விளக்கு நிமிடத்துக்கு 50 முதல் 60 தடவை மின்ன வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு நேரம் எரிய வேண்டும். அதாவது ஒரு சுற்று 1 முதல் 1.2 வினாடி, அதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை விளக்கு இருட்டாகவே இருக்கும். ஒற்றைப் படத்தை வைத்து முடிவெடுக்கும் அமைப்பு, மின்னிக்கொண்டிருக்கும் விளக்கை அணைந்த விளக்கு என்று எண்ணிவிட நிறைய வாய்ப்புண்டு. "மின்னவில்லை" என்று உறுதியாகச் சொல்ல, குறைந்தது ஒரு முழுச் சுற்றைத் தடங்கலின்றிப் பார்த்தாக வேண்டும். இரண்டு சுற்று பார்ப்பது பாதுகாப்பு. 35 மைல் வேகம் என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 15.6 மீட்டர். இரண்டு சுற்றுக்கு, அதாவது 2.4 வினாடிக்கு, கார் 37 மீட்டருக்குமேல் ஓடிவிடும். 35-லிருந்து 20-க்கு உள்ளிருப்பவர்கள் குலுங்காமல் வேகம் குறைக்க, வினாடிக்கு வினாடி 1.5 மீட்டர் வீதம் தணித்தால், இன்னும் 55 மீட்டர் வேண்டும். இரண்டையும் கூட்டினால் 92 மீட்டருக்கு முன்பே விளக்கு தெளிவாகத் தெரிய வேண்டும். இடையில் ஒரு லாரியோ மரக்கிளையோ ஒரு வினாடி மறைத்தாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

இரண்டு விளக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்து மாறி மாறி மின்னும் அமைப்பு கேமராவுக்கு மிக வசதி. எந்த நொடியிலும் ஒன்று எரிந்துகொண்டிருக்கும். ஒற்றை விளக்கு அமைப்பில்தான் தவறு கூடுகிறது.

இதற்குள் இன்னொரு மின்னலும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாதது. எல்.இ.டி. விளக்குகள் பல, பிரகாசத்தைக் கட்டுப்படுத்த வினாடிக்கு நூறு தடவை, அதற்கும் மேலாகவும், எரிந்து அணைகின்றன. நம் கண்ணுக்குத் தொடர்ச்சியான ஒளியாகத் தெரியும். பகல் வெயிலில் கேமராவின் ஷட்டர் ஒரு மில்லிவினாடியோ அதற்கும் குறைவாகவோதான் திறந்திருக்கும். விளக்கு அணைந்திருக்கும் துளி நேரத்தில் ஷட்டர் திறந்தால், எரியும் விளக்கு படத்தில் இருட்டாக விழும். இதனால் ஒரு வீடியோவில் விளக்கு தாறுமாறாக மின்னுவதுபோல இருக்கும், அல்லது தொடர்ந்து பல படங்களில் எரியாததுபோலவே இருக்கும். வாகனங்களுக்கான புதிய சென்சார்களில் இதைத் தணிக்கும் வசதி உண்டு: ஒளியை வாங்கும் நேரத்தை 11 மில்லிவினாடி அளவுக்கு நீட்டினால் வினாடிக்கு 90 தடவை மின்னும் (90 ஹெர்ட்ஸ்) விளக்கின் ஒரு சுற்று முழுவதும் படத்துக்குள் வந்துவிடும். ஆனால் வசதி இருக்கிறது என்பதற்காக அது இயக்கத்தில் இருக்கிறது என்று பொருளில்லை. நகரும் பொருள் கலங்கித் தெரியும் என்று சிலர் அதை அணைத்துவைப்பார்கள். பள்ளி விளக்கைத் தவறவிடும் அமைப்பு என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

வெயிலின் திசையும் முக்கியம். பள்ளி நேரம் என்பது காலைத் தாழ்ந்த வெயிலும் மாலைத் தாழ்ந்த வெயிலும். கிழக்கு-மேற்குச் சாலையில் சூரியன் நேரே விளக்கின் கண்ணாடிக்குள் விழுந்து, அணைந்த விளக்கு எரிவதுபோலத் தெரியும். விளக்கின் பின்னால் சூரியன் இருந்தால் எரியும் விளக்கு காணாமல் போகும். வரம்பு நடப்பில் இருக்கும் அதே நேரத்தில்தான் அதைப் பார்ப்பது மிகக் கடினம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கோளாறு விளக்கின் மௌனம். போக்குவரத்து சிக்னல் முழுவதும் அணைந்திருந்தால் பழுது என்று எல்லோருக்கும் தெரியும். நின்று பார்த்துப் போவார்கள். பள்ளி விளக்கு அணைந்திருந்தால் அது "இப்போது வரம்பு இல்லை" என்ற செய்தியா, அல்லது சோலார் பேட்டரி தீர்ந்துபோனதா? கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் கடிகாரத்தை, ஆண்டுக்கு இருமுறை வரும் ஒரு மணி நேர மாற்றத்தின்போது யாரும் திருத்தாததால் ஒரு மணி நேரம் தள்ளி மின்னப்போகிறதா? விடுமுறைக்குப் பிறகு புதிய அட்டவணையை ஏற்றாமல் விட்டார்களா? வெளியே இருந்து பார்த்தால் நான்கும் ஒரே இருட்டு. இதனால்தான் விளக்கை மட்டும் நம்பி "வரம்பு இல்லை" என்ற முடிவுக்கு வருவதை ஏற்க முடியாது. விளக்கு எரிந்தால் அதை நம்பலாம். எரியாவிட்டால் கடிகாரத்தையும் காலண்டரையும் கேட்ட பிறகே நம்ப வேண்டும்.

நேரம் எழுதிய பலகைக்கு வேறு தொல்லை: எழுத்து சிறியது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 120 டிகிரி அகலம் பார்க்கும் 8 மெகாபிக்சல் கேமராவில் கிடைமட்டமாக 3840 பிக்சல் என்றால் ஒரு டிகிரிக்கு 32 பிக்சல். 10 சென்டிமீட்டர் உயர எழுத்து 50 மீட்டர் தொலைவில் 4 பிக்சல்கூட வராது. எழுத்தை நம்பிக்கையாகப் படிக்க 10 பிக்சலாவது வேண்டும் என்று வைத்தால், கார் 18 மீட்டர் வரை நெருங்க வேண்டும். 35 மைல் வேகத்தில் அது பலகையைக் கடக்க ஒரு வினாடிக்கும் சற்று அதிகம், அவ்வளவுதான். இதையே 30 டிகிரி பார்க்கும் தொலைநோக்குக் கேமரா 70 மீட்டரில் படித்துவிடும். செலவைக் குறைக்க அகலக் கேமரா ஒன்றை மட்டும் வைத்த கார் நடுப்பலகையின் பெரிய எண்ணை முன்கூட்டியே படித்து, கீழே உள்ள நிபந்தனையைக் கடைசி நொடியில் படிக்கிறது. விளைவு இரண்டில் ஒன்று: ஞாயிற்றுக்கிழமை காலியான சாலையில் திடீரென 20-க்கு இறங்கும், பின்னால் வருபவர் மோதப் பார்ப்பார், அல்லது துணைப்பலகை தெளிவாகவில்லை என்று மொத்தத்தையும் ஒதுக்கிவிட்டு 35-லேயே போகும். இரண்டாவதுதான் பயங்கரம்.

"பிள்ளைகள் இருக்கும்போது" என்ற இரண்டு சொற்களைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். ஓரிகன் சட்டம் இதற்கு விளக்கம் தருகிறது: கடவையில் பிள்ளைகள் காத்திருக்கவோ கடக்கவோ செய்யும்போது, அல்லது அவர்களைக் கடக்கவைக்கும் காவலர் கடவையில் நிற்கும்போது. இது ஓரளவு கணினிக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடியது. கலிஃபோர்னியாவிலோ பள்ளிக்குப் போகும், பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள் மட்டுமல்ல, விளையாடும் மைதானத்துக்கும் சாலைக்கும் இடையே வேலியோ கதவோ இல்லை என்றால் மைதானத்தில் பிள்ளைகள் இருப்பதுகூட வரம்பை நடப்புக்குக் கொண்டுவரும். ஆக, கார் வேலி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே தெற்கு ஆஸ்திரேலியாவில் பள்ளி மண்டல வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர், பிள்ளைகள் இருக்கும்போது. அங்கே பிள்ளை என்றால் 18 வயதுக்கு உட்பட்டவர். சீருடையில் இருந்தால் எந்த வயது மாணவராக இருந்தாலும் பிள்ளைதான். ஒரு கேமரா 17 வயதையும் 19 வயதையும் பிரித்துச் சொல்லும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. பிரிக்க முயல்வதே தவறான வழி. பள்ளி மண்டலத்துக்குள் நடைபாதையில் யார் தென்பட்டாலும் பிள்ளை என்றே எடுத்துக்கொள்ளும் அமைப்புக்கு நஷ்டம் சில வினாடிகள். எதிர்த் திசையில் தவறினால் நஷ்டம் என்ன என்பதற்கு எண் இருக்கிறது: அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ.-வின் பாதுகாப்பு அறக்கட்டளை செய்த 2011 ஆய்வின்படி, நடந்து செல்பவர்மீது மோதும் வேகம் 23 மைல் என்றால் உயிரிழக்கும் வாய்ப்பு சராசரியாக 10 சதவீதம், 32 என்றால் 25, 42 என்றால் 50.

இதே ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் செய்திருப்பது நல்ல பாடம். மாநிலம் முழுக்க ஏறத்தாழ எல்லாப் பள்ளிக்கும் ஒரே வரம்பு, 40 கிலோமீட்டர். ஒரே நேரம், காலை 8 முதல் 9:30, பிற்பகல் 2:30 முதல் 4. எந்தெந்த நாள் பள்ளி நாள் என்பதை மாநிலமே அறிவிக்கிறது. ஆசிரியர்கள் மட்டும் வரும் நாட்களிலும் வரம்பு உண்டு, அதனால் "இன்று பிள்ளைகள் வந்தார்களா" என்ற கேள்வியே எழுவதில்லை. சாலையிலேயே பல்வரிசை போன்ற வெள்ளை முக்கோணக் கோடுகள் மண்டலத்தைக் காட்டுகின்றன. இப்படிப்பட்ட இடத்தில் தானியங்கி காருக்குக் கடிகாரமும் ஒரு நாள் பட்டியலும் போதும். அமெரிக்காவில் விடுமுறை ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் தனி. அரை நாள் பள்ளி, பனியால் திடீர் விடுமுறை, கோடைக்கால வகுப்பு, பக்கத்திலேயே வேறு அட்டவணையில் நடக்கும் தனியார் பள்ளி என்று எல்லாம் ஒரே தெருவில் கலந்துகிடக்கும்.

"மேப்பில் போட்டுவைத்தால் போதாதா?" என்று கேட்கலாம். மேப் கட்டாயம் வேண்டும். மண்டலம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. பக்கத் தெருவிலிருந்து மண்டலத்தின் நடுவில் திரும்பி நுழையும் கார் தொடக்கப் பலகையைப் பார்த்திருக்காது. வீட்டு வாசலிலிருந்து புறப்படும் காரும் அப்படியே. வாஷிங்டனில் மண்டலம் பள்ளி எல்லையிலிருந்தோ கடவையிலிருந்தோ 300 அடி. முடிவுப் பலகை கண்ணில் படாவிட்டாலும் தூரத்தை மேப் தெரிந்து வைத்திருக்கும். யாரும் திருத்தக்கூடிய இலவச மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நிபந்தனையோடு வேக வரம்பு எழுத வழி உண்டு, பொது விடுமுறைக்கும் பள்ளி விடுமுறைக்கும் தனித்தனிக் குறிகள்கூட உண்டு. ஆனால் மேப் "இங்கே நிபந்தனை வரம்பு இருக்கிறது" என்று சொல்லும். "இந்த நிமிடம் நடப்பில் இருக்கிறது" என்று சொல்லாது. நகராட்சி நேரத்தை மாற்றிப் பலகையில் புது ஸ்டிக்கர் ஒட்டினால் அது மேப்புக்கு வந்துசேர நாளாகும். ஆகவே மேப்பை எச்சரிக்கை மணியாக வைத்துக்கொள்ள வேண்டும்: மண்டலம் வருவதற்கு 150 மீட்டர் முன்பே அது அடித்தால், தொலைநோக்குக் கேமரா எந்தக் கம்பத்தைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்து காத்திருக்கும், விளக்குக்கு இரண்டு சுற்று கிடைக்கும்.

சரியாக வடிவமைத்த அமைப்பு "நடப்பில் உண்டு", "இல்லை" என்ற இரண்டு நிலையோடு நிற்காது. "தெரியவில்லை" என்ற மூன்றாவது நிலை கட்டாயம் வேண்டும். அந்த நிலையில் குறைந்த வரம்பையே பிடிக்க வேண்டும், ஆனால் முன்கூட்டியே, மெதுவாக. எரியும் விளக்கு, சாலையில் வைத்த பலகை, கடவைக் காவலர், தென்படும் பிள்ளை ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலே "உண்டு". "இல்லை" என்று சொல்லவோ பல சாட்சிகள் ஒத்துப்போக வேண்டும்: விளக்கு முழுச் சுற்றுகளுக்கு இருட்டு, கடிகாரம் பள்ளி நேரத்துக்கு வெளியே, நடைபாதை காலி. இந்தச் சமனின்மை வேண்டுமென்றே வைப்பது. மண்டலத்துக்குள் ஒருமுறை "உண்டு" என்று முடிவெடுத்துவிட்டால், விளக்கு பார்வையிலிருந்து மறைந்ததற்காக "இல்லை" என்று மாறக் கூடாது. முடிவுப் பலகையோ மேப் சொல்லும் எல்லையோ வரும்வரை பிடித்துவைக்க வேண்டும். இந்த நினைவு இல்லாத அமைப்புகள் பலகையைத் தாண்டியதும் வேகம் கூட்டுவதுண்டு. பள்ளி வாசல் அதற்குப் பிறகுதான் இருக்கும்.

முன்னால் போகும் கார்களின் வேகத்தையும் ஒரு சாட்சியாகச் சேர்க்கலாம், ஒரு திசையில் மட்டும். எல்லோரும் 20-க்கு இறங்கினால் ஏதோ காரணம் இருக்கிறது. எல்லோரும் 35-ல் போகிறார்கள் என்பது வரம்பு இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. பள்ளி மண்டலத்தில் மனித ஓட்டுநர்கள் மீறுவது எல்லோரும் அறிந்ததே.

வரம்பைச் சரியாகப் பிடித்தாலும் வேலை முடிவதில்லை. 2026 ஜனவரி 23 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு அருகே, பிள்ளைகளைக் கொண்டுவிடும் நேரத்தில், வேமோ என்ற தானியங்கி டாக்சி நிறுவனத்தின் கார் ஒரு குழந்தைமீது மோதியது. நின்றிருந்த பெரிய வண்டிக்குப் பின்னாலிருந்து குழந்தை ஓடிவந்தது. கார் 17 மைல் அளவிலிருந்து பிரேக் போட்டு, மோதும்போது 6 மைலுக்குக் கீழே இறங்கியிருந்தது என்று நிறுவனம் சொன்னது. குழந்தைக்குச் சிறு காயம். தேசிய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரணை தொடங்கியது. 17 என்பது அந்த மாநிலத்தின் 25-க்குள் அடங்கும் எண்தான். ஆனாலும், இரட்டை வரிசையில் வண்டிகள் நிற்கும் பள்ளி வாசலில் பலகை சொல்லும் எண் மேல் எல்லை மட்டுமே. பார்வை மறையும் இடங்களில் அதற்கும் கீழே போவது தனிக் கணக்கு.

சோதிக்க விரும்புபவர்களுக்கு: பகல் நடுவில், நல்ல வெளிச்சத்தில், இரட்டை விளக்குக் கம்பத்தின்முன் ஓட்டிப் பார்த்து நிறைவடையாதீர்கள். ஒற்றை விளக்கு, தாழ்ந்த வெயில், முன்னால் லாரி, பக்கத் தெருவிலிருந்து நுழைவு, விடுமுறை நாளில் தவறாக மின்னும் விளக்கு, பள்ளி நாளில் இறந்துபோன விளக்கு ஆகிய ஒவ்வொன்றையும் தனியாக ஓட்ட வேண்டும். கடைசி இரண்டில் கார் என்ன முடிவெடுத்தது என்பதோடு, கடிகாரமும் விளக்கும் முரண்பட்டதை அது பதிவு செய்ததா என்றும் பாருங்கள். அந்தப் பதிவு நகராட்சிக்குப் போனால், அணைந்த விளக்கை அன்று மாலைக்குள் ஒருவர் ஏணி போட்டுச் சரிசெய்துவிட முடியும்.